ஸ்பெயின் வெள்ளை ஒயினைச் சுவைத்து மதிப்பிடப் பழகுவது எப்படி?

குளச்சல் அலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் குளச்சல். நாலு வருஷமாகப் பயணிகள் கப்பலில் ரெஸ்டாரண்ட் வேலை. அடுத்த காண்ட்ராக்டில் ஒயின் ஸ்டூவர்டாக ஏற்றுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சுவைத் தேர்வு உண்டு. கப்பல் அந்த சீசனில் ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரம் ஓடுகிறது. அதனால் ஸ்பெயின் வெள்ளை ஒயின்களை நன்றாகப் பார்த்துக்கொண்டு வா என்று உத்தரவு.

போன பயணத்தில் பயிற்சிக்காக ஒரு கிளாஸ் தந்தார்கள். "ஃப்ரெஷ்ஷாக இருக்கிறது, பழ வாசனை வருகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். பயிற்சி கொடுத்தவர் தாளைத் திருப்பித் தந்து, "இது எல்லா ஒயினுக்கும் பொருந்தும், நீ ஒன்றும் எழுதவில்லை" என்றார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஊருக்கு வரும்போது பார்சிலோனாவில் மூன்று பாட்டில் வாங்கினேன். கஸ்டம்ஸில் 2 லிட்டர் வரைதான் விடுவார்கள் என்பதால் கணக்குப் பார்த்து அல்பரீனியோ என்ற திராட்சையின் ஒயின் 750 மில்லி, வெர்தேஹோ என்ற திராட்சையின் ஒயின் 750 மில்லி, மன்சனீயா ஷெர்ரி 375 மில்லி. வந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று மத்தியானம் அல்பரீனியோவைக் குளிர வைக்காமலே திறந்தேன். ஸ்டீல் டம்ளரில் ஊற்றிக் குடித்தேன். புளிப்பு தெரிந்தது, கூடவே கொஞ்சம் உப்பு மாதிரி. வேறு ஒன்றும் தெரியவில்லை. அம்மா அடுப்பில் சாளை பொரித்துக்கொண்டிருந்தாள். மிச்சத்தைக் கார்க் போட்டு அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். வெர்தேஹோவும் மன்சனீயாவும் மாடி அறையில் அலமாரி மேல் இருக்கின்றன.

என் சந்தேகம் இதுதான். புத்தகத்தில் அல்பரீனியோவுக்கு பீச், ஆப்ரிகாட், கிரேப்ஃப்ரூட், ஹனிசக்கிள் பூ என்று போட்டிருக்கிறது. பீச்சை நான் டப்பாவில் இருந்து எடுத்து பஃபேயில் அடுக்கியிருக்கிறேன், அவ்வளவுதான். ஹனிசக்கிளைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மூக்குக்கு அறிமுகமில்லாத வாசனையைக் கிளாஸுக்குள் எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கென்று தனி மூக்கு வேண்டுமா? தெரிந்த அண்ணன்மார் சொல்லித் தாருங்கள்.

முட்டம் கலங்கரை எழுதியது:

தம்பி, உன் மூக்கும் நாக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. பக்கத்தில் மீன் பொரிகிறது, ஒயின் சூடாக இருக்கிறது, பாத்திரமோ ஸ்டீல் டம்ளர். அப்படியிருந்தும் "உப்பு மாதிரி" என்று பிடித்திருக்கிறாய். அல்பரீனியோவைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். அந்த ஒரு வார்த்தையைத்தான் நீ தாளில் எழுதியிருக்க வேண்டும்.

நான் கப்பலில் 19 வருஷம், அதில் 12 வருஷம் ஒயின் பக்கம். இப்போது முட்டத்தில் இருக்கிறேன். எனக்கும் முதலில் இதே திகைப்புத்தான். அது தீர்ந்தது விகோ துறைமுகத்தில். அங்கே கப்பல் ஒரு பகல் நின்றபோது எங்கள் மூத்த ஸ்டூவர்ட் மூன்று பேரைக் கம்பாதோஸ் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். உன் அல்பரீனியோ விளையும் ஊர் அதுதான். கலீசியா என்கிற அந்தப் பகுதியில் எப்போது பார்த்தாலும் மழை. அங்கே ரீயா என்றால் கடல் உள்ளே ஏறிப் படுத்துக் கிடக்கும் ஆற்று வாய். நம் தேங்காய்ப்பட்டினம் பொழிமுகத்தை நாலைந்து மடங்கு பெரிதாக, ஆழமாக நினைத்துக்கொள். ரீயாஸ் பைஷாஸ் என்றால் கீழ் ரீயாக்கள். 1988-ல் இருந்து அந்தப் பெயர் பாட்டிலில் சட்டப்படி காவல் பெற்ற பெயர், வேறு ஊர் ஒயினில் போட முடியாது. லேபிளில் ரீயாஸ் பைஷாஸ் அல்பரீனியோ என்று இருந்தால் உள்ளே அந்தத் திராட்சை மட்டும்தான்.

அங்கே திராட்சையைப் பந்தலில் ஏற்றியிருந்தார்கள். புடலைப் பந்தல் மாதிரிதான், ஆனால் கால்கள் எல்லாம் கருங்கல் தூண். ஆள் உயரத்துக்கு மேல். ஈரத்தில் கொடி அழுகாமல் காற்று கீழே புகுந்து போவதற்காக அந்த உயரம். பந்தலுக்குக் கீழே வீட்டுக்காரம்மா முட்டைக்கோஸ் நட்டிருந்தார். தூணைத் தொட்டேன், பாசி பிடித்துச் சில்லென்று இருந்தது. தக்கலை பக்கம் பழைய வீட்டுத் திண்ணைத் தூணைத் தொட்டது போலவே. அந்த அம்மா ஒன்றும் சேர்க்காமல் அவித்த சிப்பியை ஒரு தட்டில் கொட்டி, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார். நான் முகர்ந்தேன். எனக்கு பீச் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக் கொல்லையில் நார்த்தங்காயை நகத்தால் கீறினால் கையில் ஒட்டுமே, அந்த வாசனை வந்தது. மூத்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உன் ஊர்ப் பழமா? சரி, அதை எழுது, அதற்குப் பக்கத்தில் என் ஊர்ப் பழத்தை எழுது" என்றார். அன்றைக்கு நோட்டில் நடுவில் ஒரு கோடு போட்டேன். இடப் பக்கம் நம் வாசனை, வலப் பக்கம் புத்தக வாசனை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

நீயும் அதைச் செய். கிரேப்ஃப்ரூட்டுக்கு பம்பளிமாஸ் பக்கத்தில் வரும், கசப்பும் சேர்ந்து. வெர்தேஹோவுக்குப் புத்தகத்தில் ஃபென்னல் என்று போட்டிருப்பார்கள், அது உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் சோம்புதான். புல் அறுத்த வாசனை உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பெயினின் ரியோஹா என்ற ஒயின் பகுதியில் வியூரா திராட்சையை அமெரிக்க ஓக் பீப்பாயில் போட்டு வைத்த வெள்ளை உண்டு. அதில் தேங்காய் வாசனை வரும். அந்த மரத்திலேயே அந்த வாசனைக்கான பொருள் இருக்கிறது. கொப்பரை காயும் முற்றத்தில் வளர்ந்தவனுக்கு அதைக் கண்டுபிடிப்பது வெள்ளைக்காரனைவிடச் சுலபம்.

இனி முறையைச் சொல்கிறேன். முதலில் வீட்டில் அடுப்பு மூட்டாத நேரம் பார். காலை பத்து, பதினொன்று நல்லது. தலையில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், பவுடர் வேண்டாம், சாயா குடித்த வாயும் வேண்டாம். கண்ணாடி கிளாஸ் வாங்கு, வாய் குறுகியதாக. தேர்வுக்கென்று 215 மில்லி அளவில் ஒரு கிளாஸ் உண்டு, அது கிடைக்காவிட்டால் வாய் உள்வாங்கிய எந்தக் கிளாஸும் போதும். சோப்பு வாசனை போக வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வை, அடுக்களைத் துணியால் துடைக்காதே. 50 மில்லிக்கு மேல் ஊற்றாதே. மேலே இருக்கும் காலி இடத்தில்தான் வாசனை தங்கும்.

சூடு ரொம்ப முக்கியம். நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில் குடித்தால் எந்த வெள்ளை ஒயினும் சாராயமாகவே தெரியும். அல்பரீனியோவுக்கு 8-ல் இருந்து 10 டிகிரி. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் இன்னும் குளிராக இருக்கும், அப்போது வாசனை அடங்கிக் கிடக்கும். ஊற்றிவிட்டு ஐந்து நிமிஷம் பொறு. அந்த ஐந்து நிமிஷத்தில் மூன்று தடவை முகர்ந்து பார், ஒவ்வொரு தடவையும் வேறொன்று எழும். சுழற்றும் முன் ஒரு தடவை, சுழற்றிய பின் ஒரு தடவை. நீண்ட மூச்சு வேண்டாம், நாய் முகர்வது போலச் சின்னச் சின்னதாக.

வாயில் வைத்ததும் முதலில் பழத்தைத் தேடாதே. புளிப்பைப் பார். விழுங்கியோ துப்பியோ ஆன பிறகு தலையைக் குனிந்து வாயை லேசாகத் திற. எவ்வளவு வேகமாக எச்சில் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. மாங்காயை நினைத்தாலே ஊறுமே, அந்த இடம்தான், தாடைக்குப் பக்கத்தில். அல்பரீனியோ அங்கே கொட்டும். அப்புறம் கனம்: வாயில் தண்ணீர் போல ஓடுகிறதா, கஞ்சித் தண்ணீர் போல நிற்கிறதா? சாராயம் தொண்டையில் சூடாகத் தெரியும். கடைசியாக, போன பிறகு சுவை எத்தனை நேரம் நிற்கிறது என்று மனதுக்குள் எண்ணு. புளிப்பு மட்டும் நின்றால் அது கணக்கில்லை, பழமோ உப்போ நிற்க வேண்டும்.

துப்பப் பழகு. ஒயினுக்கு அது அவமரியாதை இல்லை. ஒரு நாளில் முப்பது கிளாஸ் பார்க்க வேண்டி வரும்போது துப்பாதவனுக்குப் பத்தாவதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது. வெர்தேஹோ மாடி அறையில் இருக்கிறது என்றாயே, அது தகர ஷீட் போட்ட அறையா?

மார்த்தாண்டம் மலைக்காற்று எழுதியது:

கலங்கரை அண்ணன் சொன்னதில் முறை எல்லாம் சரி. ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் வளைகுடாவில் ஓட்டலில் இருந்துகொண்டு டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் படிப்புத் தேர்வில் மூன்றாம் நிலை எழுதினவன். இரண்டாம் நிலையில் 50 கேள்விக்கு டிக் அடித்தால் போதும், சுவைத் தேர்வு கிடையாது. மூன்றாம் நிலையில் இரண்டு ஒயினை லேபிள் காட்டாமல் வைப்பார்கள், 30 நிமிஷம். அங்கே அவர்கள் கொடுத்த வார்த்தைப் பட்டியலில் இருப்பதை எழுதினால்தான் மார்க். நார்த்தங்காய்க்கு மார்க் கிடையாது. நான் முதல் தடவை புளி, கருப்புக்கட்டி என்றெல்லாம் எழுதி மார்க்கை விட்டேன்.

அதனால் தம்பி, கப்பலில் அவர்கள் தேர்வு எந்த முறையில் என்று முதலில் கேட்டுக்கொள். பட்டியல் முறை என்றால் பட்டியலை மனப்பாடம் செய். அதைவிட முக்கியம், புளிப்பு அதிகமா நடுத்தரமா, கனம் எவ்வளவு, சாராயம் எவ்வளவு, முடிவு, அதாவது கடைசியில் சுவை நிற்கும் நேரம், நீளமா குறைவா என்பதற்கு நிறைய மார்க். அதில் நம் ஊர்ச் சொல், அவர்கள் ஊர்ச் சொல் என்ற பிரச்சினையே இல்லை. நான் இரண்டாம் தடவை தேறியது அதனால்தான்.

தோவாளை அக்கா எழுதியது:

எனக்கு ஒயின் பற்றி அதிகம் தெரியாது, மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது நாலைந்து குடித்துப் பார்த்ததோடு சரி. பூ பற்றித் தெரியும், வீட்டில் மூன்று தலைமுறையாகப் பூ வியாபாரம். மகள் வீட்டு வேலியில் ஹனிசக்கிள் படர்ந்திருந்தது. தம்பி, அது பிச்சிக்குப் பக்கத்தில் வரும் வாசனை. மல்லிகை இல்லை. மல்லிகை தலைக்கு ஏறும், இது ஏறாது, கொஞ்சம் தேன் கலந்தது மாதிரி இருக்கும். விடியற்காலை சந்தைக்கு வந்தால் பிச்சி மொட்டாக இருக்கும்போது ஒரு வாசனை, விரிந்து அரை நாள் ஆனபின் ஒரு வாசனை. இரண்டையும் முகர்ந்து பார். இளசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் மூக்கில் ஏறிவிட்டால் உன் கிளாஸிலும் தெரியும் என்று நினைக்கிறேன்.

முட்டம் கலங்கரை எழுதியது:

மலைக்காற்றுத் தம்பி சொல்வது நியாயம். தேர்வுத் தாளில் வலப் பக்க வார்த்தைதான் போக வேண்டும். ஆனால் இடப் பக்கம் இல்லாமல் வலப் பக்கத்தை மனப்பாடம் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளைப் பார்த்தால் பீச் என்பார்கள், லேபிளை மறைத்தால் வாயடைத்துப் போவார்கள். மூக்குக்குத் தெரிந்த பொருளில் இருந்துதான் தெரியாத பொருளுக்கு நடக்க முடியும்.

அக்கா, பிச்சி பற்றி நீங்கள் சொன்னதை என் நோட்டில் சேர்த்துக்கொண்டேன். 12 வருஷமாக அந்த இடம் காலியாக இருந்தது.

குளச்சல் அலை எழுதியது:

அண்ணா, தகர ஷீட் அறைதான். நீங்கள் கேட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். வெர்தேஹோவின் கார்க் பாட்டில் வாயை விட்டு ஒரு நூல் மேலே எழும்பியிருக்கிறது. கழுத்தில் பிசுபிசுப்பு. திறந்தால் மஞ்சள் கூடுதலாக இருக்கிறது. சோம்பும் இல்லை, புல்லும் இல்லை. அவித்த ஆப்பிள் போல ஒரு வாசனை, வாயில் சப்பென்று இருக்கிறது. என்னுடைய தவறுதான், மனசு கஷ்டமாக இருக்கிறது. மன்சனீயாவையும் உடனே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். அது திருகு மூடி, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அது என்ன ஒயின் அண்ணா? ஷெர்ரி என்றால் இனிப்பு என்றல்லவா கப்பலில் வயதானவர்கள் கேட்டு வாங்குவார்கள்?

முட்டம் கலங்கரை எழுதியது:

கஷ்டப்படாதே. வெயிலில் வெந்த ஒயின் எப்படி இருக்கும் என்பது நாளைக்கு உன் வேலையில் தேவைப்படும். வாடிக்கையாளர் முகம் சுளிக்கும்போது பாட்டிலின் குற்றமா, அவர் விருப்பமின்மையா என்று நீதான் சொல்ல வேண்டும். அதைக் கொட்டிவிடாமல் இரண்டு நாள் முகர்ந்து வை. கார்க் கெட்டதால் வரும் வாசனை வேறு: மழைக்காலத்தில் நனைந்து மக்கிய அட்டைப்பெட்டி. அதில் பழ வாசனையே அமுங்கிப் போகும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே.

வெர்தேஹோ இயல்பிலேயே காற்றும் சூடும் தாங்காத திராட்சை. அது விளையும் ருவேதா என்பது கடலில் இருந்து தூரத்தில், துவேரோ ஆற்றுப் பக்கம் 700, 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூழாங்கல் மேடு. பகலில் கொளுத்தும், ராத்திரி குளிரும். அதனால் ராத்திரியில் அறுவடை செய்கிறார்கள், பழம் குளிர்ந்த நிலையிலேயே ஆலைக்குப் போக வேண்டும் என்று. 1970-கள் வரை அந்த ஊரில் ஷெர்ரி மாதிரி காற்றுப்பட்ட கனத்த வெள்ளைதான் அதிகம். ரியோஹாவின் மார்கேஸ் தே ரிஸ்கல் நிறுவனம் 1972-ல் அங்கே வந்து புது ஃப்ரெஷ் வெள்ளை செய்யத் தொடங்கிய பிறகுதான் போக்கு மாறியது. ருவேதா என்ற பெயருக்கு 1980-ல் காவல் கிடைத்தது. நல்ல வெர்தேஹோ கிடைத்தால் கடைசியில் பாதாம் தோலின் கசப்பு போல ஒரு சின்னக் கசப்பு நிற்கும். அதைக் குற்றம் என்று எழுதிவிடாதே, அதுதான் அதன் கையெழுத்து.

இனி மன்சனீயா. எனக்கு இந்த உலகத்தில் ரொம்பப் பிடித்த ஒயின் இது. இனிப்பு ஷெர்ரியும் உண்டு, ஆனால் இதில் இனிப்பு துளிகூடக் கிடையாது. சன்லூகார் தே பர்ரமேதா என்ற ஒரே கடற்கரை ஊரில் முதிர வைத்தால்தான் அந்தப் பெயர் போடலாம். 1519-ல் மெகல்லனின் கப்பல்கள் கிளம்பிய ஊர் அது. பலோமினோ என்ற சாதாரணத் திராட்சை, சுண்ணாம்பு வெளுப்பு மண். ஒயினில் சாராயத்தை 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பீப்பாயை நிறைக்காமல் மேலே இடம் விட்டு வைப்பார்கள். அந்த இடத்தில், ஒயின் மேல் வெள்ளையாக ஒரு ஈஸ்ட் ஆடை படரும். நம் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்து "பூத்துப்போச்சு" என்று சொல்வோமே, பார்வைக்கு அப்படி இருக்கும். அவர்கள் அந்த ஆடைக்கு வைத்த பெயர் ஃப்ளோர், அதாவது பூ. எங்கோ இருக்கும் அவர்களும் அதைப் பார்த்துப் பூ என்றே சொன்னார்கள் என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் ஊறுகாயில் அது கேடு, அங்கே அதுதான் காவல். காற்றை ஒயினில் பட விடாது, அதனால் வருஷக்கணக்கில் கிடந்தும் நிறம் வெளிறியே இருக்கும். கடல் காற்றின் ஈரத்தில் அந்த ஆடை கனமாக நிற்கிறது, அதனால்தான் அந்த ஊர்.

வாசனையில் பழம் தேடாதே, ஏமாந்து போவாய். புளித்த ஆப்பமாவு, பச்சை ஆப்பிள், பாதாம், அப்புறம் கடல். சீமைச் சாமந்தி வாசனையும் சொல்வார்கள், மன்சனீயா என்ற சொல்லுக்கே அந்தப் பூ என்று பொருள். 7-ல் இருந்து 9 டிகிரி. திறந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மூன்று நாளில் முடித்தால் இன்னும் நல்லது. உன் ஊர் சிப்பி கிடைத்தால் மிளகாய் போடாமல், வெறும் உப்புத் தண்ணீரில் அவித்துப் பக்கத்தில் வை. பார்த்துவிட்டு எழுது. "ஃப்ரெஷ்" என்ற வார்த்தை வரக்கூடாது.

குளச்சல் அலை எழுதியது:

அண்ணா, இன்று காலை பத்தரைக்குச் செய்தேன். கண்ணாடி கிளாஸ் நாகர்கோவிலில் வாங்கினேன். அம்மாவிடம் சொல்லி அடுப்பை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வைத்தேன்.

முதலில் ஃப்ரிட்ஜில் இருந்த அல்பரீனியோ. நிறம் வெளிறிய எலுமிச்சை. சுழற்றும் முன் நார்த்தங்காய்த் தோல் இல்லை, எலுமிச்சை இலையைக் கசக்கினது போல. ஐந்து நிமிஷம் ஆனபின் பிச்சி, விரிந்த பிச்சி இல்லை, மொட்டு. புளிப்பு அதிகம், குனிந்தபோது எச்சில் சொட்டியது. கனம் நடுத்தரம். உப்பு கடைசியில் வருகிறது, முதலில் இல்லை.

அப்புறம் மன்சனீயா. முகர்ந்ததும் ஆப்பமாவு என்று நீங்கள் சொன்னது சரி, ஆனால் எனக்கு அதற்கும் மேலே ஒன்று தோன்றியது. துறைமுகத்தில் காலையில் வலையைக் காயப் போட்டிருப்பார்களே, மீன் எல்லாம் எடுத்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன்னால். அந்த நூலின் வாசனை. நாறுவது இல்லை, சுத்தமான கடல். அதற்கு வலப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. புளிப்பு நான் நினைத்ததைவிடக் குறைவு. சிப்பி ஒன்றை வாயில் போட்டுவிட்டுத் திரும்பக் குடித்தபோது பாதாம் தெரிந்தது, அதற்கு முன்னால் தெரியவில்லை. முடிவு நீளம்.

மார்த்தாண்டம் மலைக்காற்று எழுதியது:

வலப் பக்கத்தில் "சலைன்", அதாவது உப்புத்தன்மை, என்று எழுது, ஏற்றுக்கொள்வார்கள். புளிப்பு குறைவு என்று பிடித்தது நல்ல கவனிப்பு. பலோமினோவில் புளிப்பு குறைவுதான், பலர் உப்பைப் புளிப்பென்று எழுதிக் கோட்டை விடுவார்கள்.

முட்டம் கலங்கரை எழுதியது:

தம்பி, வலை நூலை வாசித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்கு அது இத்தனை வருஷத்தில் தோன்றவில்லை. ஒரே ஒரு குறை. முடிவு நீளம் என்று எழுதினாயே, எத்தனை எண்ணினாய்?

குளச்சல் அலை எழுதியது:

பதினாலு வரைக்கும் அண்ணா. அப்போது அம்மா வந்து, சிப்பியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள், எண்ணிக்கை விட்டுப் போயிற்று. நாளைக்குத் திரும்ப எண்ணிச் சொல்கிறேன்.